முதல் எல் போர்டு: வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு டிரைவிங் ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் கூட்டம் தொடங்கிவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மகனுக்கு 16 வயது முடிந்துவிட்டது. டியூஷனுக்குத் தினமும் 6 கிலோமீட்டர் போக வேண்டும். வீட்டில் 110 சிசி ஸ்கூட்டர் சும்மா நிற்கிறது. 16 வயதிலேயே லைசென்ஸ் தருவார்கள் என்கிறார்களே, எடுத்துக் கொடுத்து அனுப்பலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

அனுப்பாதீர்கள். 16 வயதில் தருவது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கான உரிமம் மட்டும்தான். அதற்கும் பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே 50 சிசியைத் தாண்டியவை. ஆகவே அந்த உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு 110 சிசி வண்டியை ஓட்டினால், உரிமமே இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவைப் பெற்றோர் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியில் குற்றம் செய்தால் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோதான் குற்றவாளியாகக் கொள்வார்கள். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆரும் (பழகுநர் உரிமம்) கிடைக்காது, லைசென்ஸும் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குச் சேரும் வயதில் அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் விஷயம் இன்னும் மோசம். அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கட்டினாலும், உரிமம் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்ததற்காக அந்தத் தொகையை உங்களிடமே வசூலிக்க வழி உண்டு.

ஒரு மாற்று இருக்கிறது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற, அப்படிச் சான்று பெற்ற மின் ஸ்கூட்டருக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. வாங்கிய பிறகு வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிமிடமே அது பதிவு செய்யாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. உரிமம் வேண்டாத வண்டி என்றாலும் ஹெல்மெட் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பாருங்கள். தாடைப் பட்டையை மாட்டிய பிறகு அதற்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியில் கீறலே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு. நசுங்கிய இடம் மறுபடி உப்பாது.

எனக்கு 18 ஆகிவிட்டது. எல்.எல்.ஆர். தேர்வில் என்ன கேட்பார்கள்? எடுத்த பிறகு எப்போது லைசென்ஸுக்குப் போகலாம்?
– மாணவி, திருநெல்வேலி

மத்திய அரசின் போக்குவரத்துச் சேவை இணையதளமான பரிவாகனின் சாரதி பகுதியில் விண்ணப்பிக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல் தகுதி பற்றி நீங்களே தரும் உறுதிமொழியான படிவம் 1 ஆகியவை போதும். டாக்டர் சான்று 40 வயதைக் கடந்தவர்களுக்கும் வாடகை வாகனம் ஓட்டுபவர்களுக்கும்தான்.

தேர்வில் சாலைக் குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். தேறுவதற்கு 60 சதவீதம் வேண்டும். குறியீடுகளைப் படமாக மனப்பாடம் செய்வதைவிட வடிவத்தைப் புரிந்துகொள்ளுங்கள். வட்டம் என்றால் கட்டளை, மீறினால் குற்றம். முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் என்றால் தகவல். இரண்டு மட்டும் விதிவிலக்கு: எண்கோணம் ‘நில்’, தலைகீழ் முக்கோணம் ‘வழி விடு’. இவ்வளவு தெரிந்தாலே பார்க்காத படத்துக்கும் பாதி விடை வந்துவிடும்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பரப்பில் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள சிவப்பு எழுத்து என்று விதியே அளவு சொல்கிறது. காரில் உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில். பின் சீட்டில் உட்கார்ந்து போன் பார்க்கும் அண்ணன் கணக்கில் வரமாட்டார். இருசக்கர வண்டி பழகும்போது கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

இன்னொன்று: கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் எடுத்தால் பிறகு பைக் ஓட்ட முடியாது. கியர் வண்டியும் ஓட்டுவீர்கள் என்றால் தொடக்கத்திலேயே அந்த வகைக்கு விண்ணப்பித்து, கியர் வண்டியிலேயே தேர்வு கொடுத்துவிடுங்கள்.

‘10 நாள் பேக்கேஜ், லைசென்ஸ் எங்கள் பொறுப்பு’ என்று ஒரு டிரைவிங் ஸ்கூலில் சொல்கிறார்கள். மகளைச் சேர்க்கலாமா? எதைப் பார்த்துச் சேர்ப்பது?
– ஒரு தாய், கோவை

‘லைசென்ஸ் எங்கள் பொறுப்பு’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, சொந்த உபயோக வாகனத்துக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது என்கிறது. அதில் ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பயிற்சி முடிந்ததும் பள்ளி தரும் சான்று படிவம் 5. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்கள் என்று 2021-ல் வந்த புதிய வகைக்குக் கார் பயிற்சி 29 மணி நேரம்: 8 மணி நேரம் வகுப்பு, 21 மணி நேரம் ஓட்டம். இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10 நாள், நாளுக்கு அரை மணி, அதிலும் காரில் இன்னும் இரண்டு பேர் என்றால் உங்கள் மகள் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் எவ்வளவு மிஞ்சும்?

எங்கள் பார்வையில் பெரிய குறை நேரம்கூட இல்லை. பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். ஆபத்தில் கைகொடுக்கத்தான் அது. பல இடங்களில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஆசிரியரே அந்தப் பெடல்களை மிதித்துக்கொண்டிருப்பார். பிள்ளை ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிவிட்டு ‘நன்றாக ஓட்டினேன்’ என்று வீட்டுக்கு வரும். லைசென்ஸ் கிடைத்து வீட்டுக் காரை எடுத்ததும் முதல் சிக்னலிலேயே வண்டி ஆஃப் ஆகும். மூன்றாவது வகுப்புக்கு நீங்களும் பின்சீட்டில் போய் உட்காருங்கள். ஆசிரியரின் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐந்தாவது வகுப்பிலும் அது பெடல் மேலேயே இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்.

அதேபோல் வகுப்பு எந்த நேரம், எந்தச் சாலை? காலை 6 மணிக்கு ஆளில்லாத லேஅவுட்டில் மட்டும் ஓட்டினால் போதாது. கடைசி நான்கைந்து வகுப்பாவது பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், சந்தை இருக்கும் சாலையில் வேண்டும். ஒரு வகுப்பு இருட்டிய பிறகு வேண்டும். மேட்டில் நிறுத்தி எடுப்பதும் ரிவர்ஸும் தனி வகுப்பாக வேண்டும். இவற்றைச் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பில் வண்டியைக் கிளப்பும் முன் உட்காரும் முறையைச் சொல்லித் தருகிறார்களா என்று பார்த்தாலே அந்தப் பள்ளியின் தரம் ஓரளவு தெரிந்துவிடும். கிளட்சை அடி வரை மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். முதுகு சீட்டோடு ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது வேண்டும், இல்லையென்றால் ஏர்பேக் விரியும் வேகமே காயப்படுத்தும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கண்ணாடிகளைக் கடைசியில் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் சீட்டை நகர்த்தினால் அவை எல்லாம் மாறிவிடும். பக்கக் கண்ணாடியில் சொந்தக் காரின் உடம்பு ஓரமாக ஒரு கீற்று தெரிந்தால் போதும்.

சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிறது. மேம்பால ஏற்றத்தில் நின்றால் பின்னால் உருள்கிறது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் கை கால் ஓடவில்லை. என்ன செய்வது?
– கல்லூரி முதலாண்டு மாணவர், சேலம்

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது இன்னும் உங்கள் காலுக்குப் பழகவில்லை. அதை ஆக்ஸிலரேட்டர் தொடாமல் பழகுங்கள். சமதளமான காலி மைதானத்தில் முதல் கியர் போட்டு, கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், முன்பக்கம் லேசாக அதிரும். அதுதான் பிடிக்கும் புள்ளி. அங்கே பாதத்தை இரண்டு நொடி அசைக்காமல் வைத்தால் பெரும்பாலான கார்கள் ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே நகரும். நகர்ந்ததும் முழுவதும் விடுங்கள். திரும்ப மிதித்து நிறுத்துங்கள். வண்டி ஆஃப் ஆவது பெரும்பாலும் அந்த இரண்டு நொடி நிற்காமல் பாதத்தைச் சட்டென்று எடுத்துவிடுவதால்தான். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் பாதம் நடுங்காது. தடித்த அடியுள்ள செருப்போ குதிகால் செருப்போ போட்டுக்கொண்டு பழக வேண்டாம்.

ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதே இல்லை. நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள், கால் பிரேக்கை விடலாம். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பிடித்ததும் காரின் மூக்கு லேசாக எழும்பும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். மூக்கு எழும்பும் முன் இறக்கினால்தான் பின்னால் உருளும். மற்றபடி, ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சிலேயே (கிளட்சைப் பாதி விட்ட நிலையில்) வண்டியைத் தாங்கி நிற்க வைக்கும் பழக்கம் வேண்டாம். கிளட்ச் தட்டு தேய்ந்து, கருகிய வாடை வரும்.

பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் வண்டியை எடுத்துத் தரப் போவதில்லை. ஆஃப் ஆனால் முதலில் பிரேக், பிறகு நியூட்ரல், பிறகு ஸ்டார்ட். இந்த மூன்றையும் வரிசை மாறாமல் செய்யப் பழகிவிட்டால் ஐந்து நொடியில் மறுபடி கிளம்பிவிடலாம்.

எட்டு போடும்போது கடைசி வளைவில் கால் ஊன்றிவிடுகிறேன்.
– வாசகர், விருதுநகர்

பெரும்பாலும் இரண்டு தவறு. ஒன்று, கண் முன்சக்கரத்தின் மேல் இருக்கிறது. வளைவு முடியும் இடத்தைத் தலையைத் திருப்பிப் பாருங்கள், வண்டி பின்னாலேயே வரும். இரண்டு, பயத்தில் வளைவின் நடுவே திராட்டிலை (ஆக்ஸிலரேட்டர் பிடியை) முழுவதும் மூடுகிறீர்கள். வேகம் சட்டென்று குறைந்ததும் வண்டி உள்பக்கம் சாயும், கால் தானாக இறங்கும். திராட்டிலை ஒரே அளவில் சிறிதாகத் திறந்து வைத்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாகத் தேய்த்து வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். கியர் வண்டியானால் முதல் கியரில் ஹாஃப் கிளட்ச். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. தேர்வுக்கு உங்கள் பாதம் நன்றாகத் தரையில் எட்டும் வண்டியைக் கொண்டு போங்கள்.

முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? ஸ்கூலில் ‘பார்த்துப் போ’ என்று மட்டும் சொல்கிறார்கள்.
– மாணவர், தஞ்சாவூர்

கணக்காகவே பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்துவிடும். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தாலும் பிரேக் பிடித்து நிற்க இன்னும் சுமார் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45. அதே வண்டி 40-ல் போனால் மொத்தம் சுமார் 26 மீட்டர்தான். நிற்கும் தூரம் இப்படித் தாவுவதற்குக் காரணம், வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. நனைந்த சாலையில் அந்த 20 மீட்டர் 30-ஐத் தாண்டும். போனைப் பார்க்க இரண்டு நொடி தலையைக் குனிந்தால் 60-ல் 33 மீட்டரைக் கண் தெரியாமல் ஓட்டியதாகிறது.

ஓட்டும்போது மீட்டர் கணக்குப் பார்க்க முடியாது, நொடி கணக்குப் பார்க்கலாம். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று மனதில் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் நெருங்கிப் போகிறீர்கள். மழையிலும் இரவிலும் இன்னும் இரண்டு சேர்த்து எண்ணுங்கள். இடைவெளி விட்டால் யாராவது உள்ளே நுழைந்துவிடுகிறார்களே என்பார்கள். நுழையட்டும், மறுபடி கொஞ்சம் பின்வாங்குங்கள். அதனால் போகும் நேரம் மிகச் சிறியது.

அவசரமாக நிறுத்தும்போது காரில் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்து, வண்டி நிற்கப் போகும்போது கிளட்ச். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் காலடியில் தடதடவென்று அதிரும். அதைக் கண்டு காலை எடுத்துவிடக் கூடாது, அது வேலை செய்யும் முறையே அதுதான். இருசக்கர வண்டியில் நிறுத்தும் பலம் அதிகம் இருப்பது முன் பிரேக்கில்தான், ஏனென்றால் பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. ‘முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்’ என்று சொல்லிச் சொல்லியே பல பிள்ளைகள் பின் பிரேக்கை மட்டும் நம்புகிறார்கள். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்துங்கள். வளைவிலும் மணலிலும்தான் அது வழுக்கும்.

நம் சாலைக்கே உரிய சில இடங்களையும் சொல்லிவிடுகிறோம். நின்றிருக்கும் டவுன் பஸ்ஸின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள், பயணிகள் இறங்குவது அங்கேதான். வலப்பக்கம் கடந்தால் பஸ்ஸின் முன்பக்கமிருந்து ஒருவர் குறுக்கே ஓடி வருவார் என்றே எதிர்பாருங்கள். இடதுபுறம் திரும்பப் போகும் லாரியின் இடப்பக்கத்தில் ஸ்கூட்டரோடு நிற்காதீர்கள். அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே குறுக்கி வரும். அந்த இடத்தில் நிற்பது டிரைவர் கண்ணாடியிலும் தெரியாது. எதிரே வருபவர் லைட்டை அடித்துக் காட்டினால் ‘நீ போ’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ‘நான் வருகிறேன்’ என்பதே இங்கே வழக்கம். சந்திப்பில் நேராகப் போவதற்காக நான்கு இண்டிகேட்டரையும் போடுவது தவறு. உங்களை ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவருக்கு நீங்கள் திரும்புவதாகவே தெரியும்.

மலைச்சாலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறான் நண்பன்.
– மாணவர், நாமக்கல்

மிச்சமாகாது. இப்போதைய கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடிக்கும். அதைவிட முக்கியம், நியூட்ரலில் எஞ்சினின் தடுப்பு இல்லாமல் போவதால் முழுச் சுமையும் பிரேக்கில் விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அப்படி இறங்கினால் பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் பெரிய ஆபத்து. பிரேக்குக்குத் துணைபுரியும் பூஸ்டர் ஓரிரு மிதிக்கு மேல் தாங்காது, பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகளுக்கு பதினைந்தரை வயது. இங்கே பயிற்சி முறை எப்படி வேறுபடுகிறது? சென்னையில் ஓட்டிய அனுபவத்தை வைத்து நானே கற்றுத் தரலாமா?
– ஒரு தந்தை, சான் ஹோசே

கற்றுத் தரலாம் என்பதைவிட, கற்றுத் தந்தே ஆக வேண்டும். அங்கே பதினைந்தரை வயதில் பழகுநர் அனுமதி கிடைக்கிறது. அதை 6 மாதம் வைத்திருந்து, 16 வயது முடிந்த பிறகே ஓட்டும் தேர்வு. அதற்குள் பயிற்சி ஆசிரியரிடம் 6 மணி நேரமும், பெரியவர் ஒருவர் துணையுடன் 50 மணி நேரமும் ஓட்டியிருக்க வேண்டும். அந்த 50-ல் 10 மணி நேரம் இரவில். உரிமம் கிடைத்த முதல் 12 மாதம் இரவு 11 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டவும், 20 வயதுக்குட்பட்ட நண்பர்களை ஏற்றவும் பொதுவாகத் தடை. இந்த ஏற்பாட்டில் நமக்கு மிகவும் பிடித்தது அந்த 50 மணி நேரம்தான். தமிழ்நாட்டில் சட்டம் கேட்காவிட்டாலும், லைசென்ஸ் கிடைத்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெற்றோர் அவ்வளவு நேரம் ஓட்ட வைத்தால் நல்லது.

நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் பழைய பழக்கங்களை. நான்குபுறமும் ‘நில்’ பலகை உள்ள சந்திப்பில் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும், முதலில் வந்தவர் முதலில் போவார். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால், நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் இரண்டு பெடலுக்கும் வலது கால் ஒன்றே, இடது கால் ஓய்வில். ஹாரன் அடித்துக்கொண்டே முந்தும் பழக்கம் மகளுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை ஆர்.டி.ஓ. தேர்வில் தோற்றுவிட்டேன். மறுபடி எப்போது போகலாம்?
– வாசகி, மதுரை

7 நாள் கழித்துப் போகலாம். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் பேர் தோற்பது ரிவர்ஸில். கண்ணாடியை மட்டும் நம்பாமல் உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பாருங்கள். காரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வேகத்தை ஹாஃப் கிளட்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தைப் பார்த்தால் உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது. வகுப்பில் இதைப் பற்றிச் சொல்லவே இல்லை.
– மாணவி, கடலூர்

சொல்லியிருக்க வேண்டும், பாடத்திட்டத்தில் முதலுதவியும் உண்டு. நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது சிவில், குற்ற வழக்கு எதுவும் கூடாது என்று சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. பெயர், முகவரி சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது. உங்கள் வண்டியே விபத்தில் சிக்கியிருந்தால் கதை வேறு: காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் உங்கள் கடமை.

முதலில் உங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, பின்னால் வருபவர்களை எச்சரிக்க ஒருவரை நிறுத்துங்கள். 108-க்கு அழைத்து, ஊர் பெயரோடு கிலோமீட்டர் கல்லையோ கடைப் பலகையையோ அடையாளம் சொல்லுங்கள். பீறிடும் ரத்தத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். செலவை நினைத்து யாராவது தயங்கினால், தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று சொல்லுங்கள். 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.